மூன்று மணி நேரத்தில் அமெரிக்காவைத் தாண்டவிருந்த அப்பா

பயப்படுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல திறமை. மற்ற பிள்ளைகள் இருட்டைக் கண்டு பயந்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பயந்தேன்.

சென்னையை விட்டு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து அங்கே ரானுயி என்ற பகுதியில் குடியிருந்த காலம். அலுவலகம் அப்பாவைச் சில மாத வேலையாக லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பியிருந்தது. அங்கிருந்து ஏதோ மீட்டிங் என்று நியூயார்க் போனார். ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர், திரும்பி வர ஆறு மணி நேரம் வானத்தில் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். சிட்னிக்கு மூன்று மணி நேரம் என்று எனக்குத் தெரியும். ஆக, ஒரு அமெரிக்கா என்பது இரண்டு சிட்னி. அட்லஸில் ஸ்கேல் வைத்தும் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

ஒரு ஞாயிறு மதியம் அப்பா கூப்பிட்டார். "காலைல ஒன்பது மணிக்கு ஃப்ளைட்டுடா. பன்னிரண்டுக்கெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ்ல இறங்கிடுவேன்" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு! அப்படியானால் விமானம் இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டும், இறக்கை தாங்காது. இல்லையென்றால் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். அட்லஸில் பாதி வழியில் நெப்ராஸ்கா இருந்தது. சோளக்காட்டு நடுவே சூட்கேஸும் கையுமாக அப்பா நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா, அப்பாவை அந்த ஃப்ளைட்ல ஏற வேணாம்னு சொல்லு!"

சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் முகமும் மாறியது. அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தியா முழுக்க ஒரே மணி. இங்கேயும் ஆக்லாந்து மணிதான் வெலிங்டனுக்கும். ஒரே நாடு ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளும் என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்? அம்மா போன் போட்டாள். அப்பா எடுக்கவில்லை.

நான் மூக்கொழுகப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டியிடம் ஓடினேன். கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட விசர்ப் பிள்ளை! டொரன்டோவில இருக்கிற என்ட தங்கச்சி வான்கூவர் போனாலும் இதே கதைதான். மேற்குப் பக்கம் போனா மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்ப வேணும். அப்பா இறங்கேக்க அங்க பன்னிரண்டெண்டா, நியூயோர்க்கில மூண்டு மணி."

"அப்போ ஆறு மணி நேரமா ஆன்ட்டி?"

"ஓம், ஓம். முதல்ல முகத்தைக் கழுவு."

கழுவவில்லை. பறந்தேன். "ஆறு மணி நேரம்தாம்மா! நெப்ராஸ்கா இல்ல!" என்று வாசலிலிருந்தே கத்தினேன். அம்மா சும்மா இரு என்று கையைக் காட்டினாள். அப்பா திரும்பக் கூப்பிட்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அவங்ககிட்ட கடைசியா என்னதான் சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் வீட்டுக்கு வந்துடறேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தாள், முந்தானை இல்லாததால் என் சட்டையில் கண்ணைத் துடைத்தாள். அடுப்பில் சப்பாத்தி கருகியது. நான் பெரிய மனுஷனாக அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"பயப்படாதேம்மா. கணக்கு சரியா வந்துடுச்சு."

"ஆமாடா கண்ணா, வந்துடுச்சு."

நியூயார்க் அலுவலகத்தில் அப்பாவை அங்கேயே நிரந்தரமாகத் தங்கச் சொன்னதும், எங்களுக்கு விசா எப்போது வரும் என்றே தெரியாமல் அம்மா அந்த வாரம் முழுக்கத் தூங்காததும் அப்போது எனக்குத் தெரியாது. விமானத்தைக் காப்பாற்றி அம்மாவின் கண்ணீரை நிறுத்தியவன் என்ற நினைப்பில் மறுநாள் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.