அப்புவின் வயிற்றில் வந்த சிவப்பு

குளச்சலில் எங்கள் வீட்டுச் சின்ன நாய் அப்பு, வயிற்றைச் சொறிந்து சொறிந்தே புண்ணாக்கிவிட்டது. உண்ணிக்கு மருந்து போட்டேன், மீன் கொடுப்பதை நிறுத்தினேன். எதற்கும் கேட்கவில்லை. கிருமியாக இருக்குமோ என்று பயந்து, தினமும் இரண்டு வேளை பினாயிலை அதிகமாக ஊற்றித் தரையைத் துடைத்தேன். அரிப்பு கூடத்தான் செய்தது. அப்பு என் முகத்தைப் பார்த்து முனகும்போது, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன்.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அப்புவைப் புரட்டிப் பார்த்தவர், "முதுகுல ஒண்ணும் இல்லியே. தரையில படுற இடந்தான் வெந்திருக்கு. வீட்டுல எதப் போட்டுத் தொடைக்கிய?" என்று கேட்டார்.

"பினாயிலு, சார். அதுக்க நல்லதுக்குத்தான்..."

இப்போது வெறும் தண்ணீரில்தான் துடைக்கிறேன். புண் ஆறிவிட்டது. ஆனாலும் நான் வாளியைத் தூக்கினால், அப்பு முற்றத்துக்கு ஓடிவிடுகிறது.