ஊடும் வீடும்

கும்மிடிப்பூண்டியில் எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அந்தக் கரிதான் அம்மாவின் நெஞ்சுக்குள்ளும் போயிருக்க வேண்டும். மூன்று வருடமாக விடாத இருமல். ஒரு காலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், இப்போது ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் பெருக்குகிறாள்.

நான் வேறொரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கழுத்தில் அடையாள அட்டை, ஏசி அறை, எல்லாம் உண்டு. வேலை நிரந்தரமானதும் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பொன்னேரியில், புகை இல்லாத தெருவில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும்.

முதல் இரண்டு இடத்திலும் அம்மா வாயைத் திறக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "ஊடு சோக்கா கீதுமா" என்று மனதாரச் சொல்வாள். வீட்டுக்காரர் முகம் மாறும். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேள்விகள் வரும். மறுநாள் போன் செய்தால், சொந்தக்காரர்கள் குடிவருகிறார்கள் என்பார்கள். காலி வீட்டுக்கு அப்படித் திடீர் திடீரென்று சொந்தக்காரர்கள் முளைத்தார்கள்.

கல்லூரி விடுதியில் என்னையும் இந்த 'ஊடு'க்காகத்தான் ஓட்டினார்கள். ஒரே மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்றாவது வீட்டைப் பார்க்க ரயிலில் போனபோது அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். "ஊடு இல்லம்மா, வீடு. இன்னா இல்ல, என்ன."

"வீடு... வீடு..." என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடி இது, இஸ்கூல் புள்ளயாட்டம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எதுக்கு வம்பு? அங்க நீ வாயே திறக்காத" என்று கடுப்பில் சொல்லிவிட்டேன்.

அம்மா திறக்கவில்லை. மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் வயல் காற்று. வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் கேட்டார்: "வீடு பிடிச்சிருக்கா?" அம்மா தலையாட்டினாள். "எத்தன பேரு இருப்பீங்க?" இரண்டு விரலைக் காட்டினாள்.

அவர் என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்குப் பேச வராதா?" என்றார்.

"ஆமாங்க. தொண்டையில ஆபரேஷன்" என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்மா தரையைப் பார்த்தாள். "ஐயோ பாவம்" என்ற வீட்டுக்கார அம்மா, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்தி, கையை ஆட்டி ஆட்டி மோட்டார் சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இருமல் வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீடு எங்களுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் அம்மா பேசினாள். "கரீக்டா இருந்தேனா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாமான் ஏற்றும் நாளில் என் பெட்டியை மட்டும் வண்டியில் வைத்தாள். "நீ போ கண்ணு. நா வர்ல."

"உனக்காகத்தானம்மா எடுத்தேன்!"

"தெரியுது. அங்க வந்தா ஆயுசுக்கும் ஊமையா இருக்கணும். என்னிக்கினா ஒருநாளு வாய் தொறந்துடுவேன். அப்பால உன் மானம்தான் போவும். நீயாச்சும் போயி நல்ல காத்து வாங்கு."

அவள் குரலில் கோபமே இல்லை. வீட்டுக்கார அம்மாவிடம் அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். இரண்டு வருடமாக அந்தப் பயத்தோடுதான் நல்ல காற்று வாங்குகிறேன்.

அம்மா தினமும் போன் செய்கிறாள். இருமல் குறையவில்லை. நான் போனை எடுத்தது அவளுக்குத் தெரிவதற்குள், பக்கத்தில் யாரிடமோ அவள் பேசுவது கேட்கும்: "உன் ஊட்டாண்ட தண்ணி வந்துச்சா?" பிறகு என்னிடம், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கேட்பாள்: "உங்க வீட்டுல தண்ணி வருதா?"

நேற்று என்னால் பொறுக்க முடியவில்லை. "உங்க வீடு என்னம்மா உங்க வீடு? அது நம்ம ஊடு" என்றேன்.

 அம்மா சிரித்தாள்.

"உன் வாயில அது நல்லாவே இல்லடி" என்றாள்.