ஜாவா கடலில் ஓர் ஆரணிப் பட்டு

என் அப்பா ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி. தறிக்காரர்களிடம் புடவை எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவார். சரக்கு விஷயமாகப் பெங்களூர் வரை போனதுதான் அவர் போன அதிகபட்சத் தூரம். அங்கேயும் ராத்தங்க மாட்டார். தலையணை மாறினால் அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இந்தோனேசியாவுக்குப் போய் வந்தோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. ஜாவா தீவில் செமராங் என்கிற துறைமுக நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் இன்ஜினியராக இருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரம். "இந்தத் தடவை நீங்க வரலேன்னா நான் இனிமே ஆரணிப் பக்கமே வர மாட்டேன்" என்று மாமா போனில் மிரட்டினார். அப்பாவுக்கு அந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது. அம்மாதான் அழுது தீர்த்து, பாஸ்போர்ட் எடுக்க வைத்தாள்.

பெட்டி கட்டும்போது அம்மா பட்டுப்புடவைகளாக எடுத்து அடுக்கினாள்.

"அங்க வெயில் நம்மூரைவிட மோசமாம்மா. நாலு காட்டன் எடுத்துக்கோ" என்றேன்.

"ஆரணியிலேர்ந்து வந்துட்டு காட்டன் கட்டிகினு நின்னா, உங்கப்பா வியாபாரம் படுத்துப்போச்சான்னு கேப்பாங்க."

"அங்க யாருக்கும்மா ஆரணி தெரியும்?"

"தெரியாதவங்களுக்குத்தாண்டி காட்டணும்."

அப்பா தன் பங்குக்குப் புதிதாக பேன்ட் தைத்துக்கொண்டார். கறுப்பு ஷூவும் வாங்கினார். அது நடக்கும்போது கிறீச் கிறீச்சென்று கத்தும்.

செமராங்கிலிருந்து கிழக்கே கடலோரமாகவே வேனில் போவது, ஜெபாரா, ரெம்பாங், துபான் என்று ஊர் ஊராகப் பார்ப்பது, ஆங்காங்கே தங்குவது, இதுதான் மாமாவின் திட்டம். கிளம்புகிற அன்று காலையில் ஆலையில் ஏதோ மிஷின் படுத்துவிட்டது. மாமாவால் வர முடியவில்லை.

"டிரைவர் தங்கமான மனுஷன். எல்லா ஊரும் அவருக்கு அத்துப்படி" என்றார் மாமா.

"தமிழ் தெரியுமா?" என்று அப்பா கேட்டார்.

"அது மட்டும் தெரியாது."

வேன் புறப்படுவதற்குள் மாமா அப்பாவுக்கு ஒரே ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்தார். நன்றிக்கு அவர்கள் மொழியில் 'தெரிமா காசி'. அது அப்பா வாயில் 'தெரியுமா காசி' ஆனது. பெட்ரோல் பங்கிலும் சாப்பாட்டுக் கடையிலும் பார்த்தவர்களையெல்லாம் காசி தெரியுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர்களும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

டிரைவருக்கு அப்பாவைவிட வயது கூடவே இருக்கும். மீசை நரைத்திருந்தது. அப்பா தமிழில் எது சொன்னாலும் அவர் திரும்பிப் பார்த்து "அபா?" என்பார்.

"பாத்தியா பாப்பா? என்னைவிடப் பெரியவரு, என்னைப் போயி அப்பான்றாரு. இன்னா மரியாதை, இன்னா மரியாதை!"

அபா என்றால் 'என்ன?' என்று அர்த்தம். மாமா எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜெபாராவில் கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு குட்டித் தீவு தெரிந்தது. படகில் போய் வரலாம் என்று டிரைவர் கையைக் காட்டினார். தான் மட்டும் வேன் நிழலில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டார். படகில் உள்ளூர்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. அம்மா அரக்கு உடலில் பச்சை பார்டர் போட்ட புடவையில் நடுப் பலகையில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கும் அது திருப்தியாக இருந்தது.

தீவின் படகுத்துறையை நெருங்கும்போது அலை தூக்கிப் போட ஆரம்பித்தது. துறையில் நின்றிருந்த ஆள் ஒருவன் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"தாலி! தாலி!"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்னாலிருந்து படகோட்டியும் அவளைக் காட்டி, அம்மா என்கிற அர்த்தத்தில் 'இபு' சேர்த்துக் கத்தினான்: "தாலி, இபு! தாலி!"

"இன்னாங்க, தாலியைக் கேக்கறானுங்க!" அம்மா இரண்டு கையாலும் தாலிச் சரட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா எழுந்தார். வாழ்க்கையில் யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர் அவர். "யோவ்! யாருன்னு நெனச்சுகினு கீற? கட்டினவன் நான் உயிரோட நிக்கறேன்யா!" என்று துறையைப் பார்த்து விரலை ஆட்டினார். தான் சொன்னது இவருக்குப் புரிந்துவிட்டதென்று அந்த ஆள் நினைத்திருக்க வேண்டும். உற்சாகமாகத் தலையை ஆட்டி, "தாலி!" என்றான்.

அந்த நேரம் பார்த்துப் படகு தூணில் மோதியது. புது ஷூ வழுக்கியது. சாய்ந்த அப்பா கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது அம்மாவின் முந்தானை. அம்மாவின் இரண்டு கையும் தாலியில் இருந்ததால் எதையும் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. அப்பாவின் பின்னாலேயே அவளும் போனாள். ஜாவா கடலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பெரிய சத்தம்.

நல்லவேளை, தண்ணீர் இடுப்பளவுதான். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அம்மா கைகளை எடுக்கவே இல்லை. படகோட்டி குனிந்து, அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் சுருண்டு கிடந்த கயிற்றை எடுத்துத் துறைக்கு வீசினான். அவர்கள் படகைக் கட்டினார்கள். பிறகு படகோட்டி கயிற்றைத் தொட்டுக் காட்டி, ரொம்ப மரியாதையாக அம்மாவிடம் சொன்னான்: "தாலி."

"கயிறா?" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "கயித்துக்குப் போயி தாலின்னு பேர் வெச்சுகினு கீறானுங்க. அதுவும் சரிதான். தாலின்னா இன்னா, கயிறுதானே."

அப்பாவின் கவலை வேறாக இருந்தது. "ஐயோ, உப்புத் தண்ணி! ஜரிகை போச்சே! நல்ல தண்ணி கொண்டாங்க, ஜல்தி!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். அம்மாவுக்கு அடி பட்டதா என்று அவர் கேட்கவில்லை. அதை அம்மா இன்றுவரை மறக்கவும் இல்லை.

தீவில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்த பெண்கள் கூட்டம் ஒன்று அம்மாவைக் குளியலறைப் பக்கம் அழைத்துப்போனது. படகோட்டி அப்பாவுக்கு ஒரு சாரோங் கொடுத்தான். பார்க்க நம் லுங்கி மாதிரியே இருந்தது. அப்பா அதைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு பெண் நனைந்த புடவையோடு வெளியே வந்து, அதைப் பிழிவதற்கு முறுக்கினாள்.

"முறுக்காதம்மா!" என்று அப்பா ஓடினார்.

அதற்குப் பிறகு தீவே அப்பாவின் கையில். கிணற்றடியில் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து அலச வைத்தார். பிழியாமல் வடிய விட வேண்டும் என்பதை நடித்துக் காட்டினார். அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர் மரத்தடி நிழலில் நின்று, எங்கள் தெருவில் காலையில் தறிக்கு நூல் பாவு நீட்டுகிற மாதிரி புடவையை நீளமாகப் பிடித்தார்கள். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுருக்கத்தை நீவியபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். கூட்டம் சேர்ந்தது. ஆளாளுக்கு பார்டரைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்பா ஜரிகையைப் பற்றித் தமிழில் விளக்கினார். அவர்கள் மூச்சு விடாமல் கேட்டார்கள். ஊரில் எந்தக் கடைக்காரரும் அவர் பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

"சாயம் ஒரு சொட்டு இறங்கல, பாத்தியா" என்றார் என்னிடம்.

எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் பூப்போட்ட சட்டையும் பழுப்பு நிற பாத்திக் சாரோங்கும் உடுத்தி, ஈரத் தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண்மணி நின்றிருந்தாள். அப்பா அவளைப் பார்த்துக் கைகூப்பிக் குனிந்தார்.

"தெரியுமா காசி, தெரியுமா காசி. நீங்கள்லாம் இல்லேன்னா இந்தப் புடவை போயிருக்கும்மா."

"புடவை போயிருக்கும், சரி" என்றாள் அந்தப் பெண்மணி. "பொண்டாட்டி?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அம்மாவைப் புடவையைத் தவிர வேறு உடையில் அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பில் கேமராவைப் பிடிக்க முடியவில்லை. அப்போது எடுத்த படத்தில் அவர்கள் இருவரின் கால்கள் மட்டும் விழுந்திருக்கின்றன.

அம்மாவுக்கு மாற்றுத் துணி கொடுத்த பெண் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டாள். அம்மா தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி அவள் கையில் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு பட்டுப் பெட்டி திறக்கப்படவே இல்லை. ரெம்பாங்கில் அம்மா இன்னொரு சாரோங் வாங்கினாள். "காத்தோட்டமா கீதுடி" என்றாள். வழியெல்லாம் யார் யாரைத் தள்ளியது என்று சண்டை.

"நீங்க இழுத்ததாலதான் விழுந்தேன்."

"நீ கத்தினதாலதான் எழுந்தேன்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அபா?" என்பார். "நீங்களே சொல்லுங்க" என்பார் அப்பா.

துபானில் சாயங்காலம் அலையே இல்லாமல் கடல் படுத்துக் கிடந்தது. நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா திடீரென்று எழுந்து சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். கணுக்கால், முழங்கால் என்று போய்க்கொண்டே இருந்தாள்.

"போதும், வா! துணி நனைஞ்சுடும்" என்று அப்பா கத்தினார்.

"நனையட்டும். நீங்க வாங்க, வெந்நி மாதிரி கீது."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் திணித்து, பேன்ட்டை முழங்கால் வரை மடித்தார். கல் குத்துகிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போய், அம்மாவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அங்கேயும் ஏதோ சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். காற்றில் எனக்குப் பாதிதான் கேட்டது.