ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

எதிர் வீட்டுக்காரர் வியாழக்கிழமைதோறும் விரதம் இருக்கிறார் என்று நான் ஓராண்டு முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிம்ப்ரி பக்கம் ஒரு ஃபாக்டரியில் வேலை. மற்ற நாட்களில் காலை ஆறரைக்கெல்லாம் டிபன் டப்பாவும் கையுமாகப் படியிறங்குகிறவர், வியாழனன்று மட்டும் எட்டு மணிக்கு மேல் வெள்ளை பனியனோடு கீழே வந்து ஸ்கூட்டரைக் குளிப்பாட்டுவார். அவ்வளவு நிதானமாக ஒரு மனிதர் வாளியில் துணி நனைப்பதை நான் பார்த்ததில்லை. பக்தி என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து வியாழன்தோறும் அவர்கள் வீட்டுக்கு வெங்காயம் போடாத உப்புமா ஒரு கிண்ணம் போகும். அவருடைய மனைவியை நான் வஹினி என்றுதான் கூப்பிடுவேன்; இங்கே அண்ணிக்கு அதுதான் சொல். வஹினி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இந்த உப்புமாவுக்கும் என் இண்டர்வியூவுக்கும் இருந்த தொடர்பு பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கோயமுத்தூரை விட்டு நாங்கள் புனே வந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கம். கணவருக்கு ஷிவாஜிநகரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வரைபடம் வரையும் வேலை. எனக்கு இரண்டரை வயது மகள், ஒரு கெமிஸ்ட்ரி பட்டம், கல்யாணத்துக்கு முன் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்த்த இரண்டு வருட அனுபவம். அதற்குப் பிறகு நான்கு வருட இடைவெளி. பேப்பரில் விளம்பரம் பார்த்து ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். நான்கு இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது, சாகணில் ஸ்கூட்டர் உதிரிப் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசும் ஒரு தொழிற்சாலை. அதன் ஆய்வகத்துக்கு ஆள் தேவை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும் என்று கடிதம் வந்தது. அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதுவும் போனால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள், இடைவெளி ஐந்தாகும், ஆறாகும், அப்புறம் அது இடைவெளியே இல்லை, வாழ்க்கை என்று பெயர் மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதையும் முறையாகச் செய்து பழகியவள் நான். நடைபாதைக் கடையில் இண்டர்வியூவுக்குத் தயாராவது பற்றிப் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஆண்களுக்காக எழுதப்பட்டது என்பது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. ஷூவுக்குப் பாலிஷ் போடு, உறுத்தாத நிறத்தில் டை கட்டு என்றெல்லாம் சொல்லிற்று. டைக்கு ஈடாகப் புடவையில் எதைச் சொல்லலாம் என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். குடும்ப விஷயங்களை உள்ளே கொண்டுவராதே என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே கோடு போட்டேன்.

நாற்பத்திரண்டு கேள்விகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி மனப்பாடம் செய்தேன். அலுவலகம் விட்டு வந்ததும் கணவர் லுங்கியோடு சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அதிகாரியாக உட்காருவார். நான் சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவேன். மகள் மேசைக்கு அடியில்.

"கொஞ்சம் சிரிச்சுட்டுச் சொல்லு. புள்ளைக்குக் கஷாயம் குடுக்கற மாதிரியே சொல்ற."

"சரிங்க. மை ஸ்ட்ரெங்த் இஸ் பங்சுவாலிட்டி."

"ம். நாலு வருசமா என்ன பண்ணீட்டிருந்த?"

"என் அறிவை அப்கிரேடு பண்ணீட்டிருந்தேன்."

"எதுல?"

"கம்ப்யூட்டர்னு சொல்லிக்கலாம்ங்க."

"உனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதே!"

"அதைக் கேட்டாத்தானுங்க."

அது பதினேழாவது கேள்வி. அதற்கு மட்டும் மூன்று விடைகள் எழுதி அடித்திருந்தேன். உண்மையான விடை மேசைக்கடியில் உட்கார்ந்து என் கொலுசைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அது கெடக்குது, வேலை கெடச்சா இவளை எங்க விடறது?" என்று ஒருநாள் கேட்டார்.

"மொதல்ல கெடைக்கட்டும்ங்க. இப்பவே அபசகுனமாட்ட எதுக்கு?" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இல்லாத வேலைக்குப் பிள்ளையை விட இடம் தேடினால் வேலை கோபித்துக்கொள்ளும் என்பது போல ஒரு பயம் எனக்கு.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம், இடத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வா என்றது. முந்தின நாள் ஞாயிறு. ஃபாக்டரி பூட்டியிருக்கும், யார் கண்ணிலும் படாமல் வழியையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம். கட்ட வேண்டிய புடவை இஸ்திரி போட்டு அலமாரியில் இருந்தது. அதனால் முழங்காலில் மஞ்சள் கறை பட்ட பழைய சல்வாரோடு கணவரின் ஸ்கூட்டரில் ஏறினேன். மகள் முன்னால் நின்றாள், கையில் ஜாம் தடவிய பிரெட். நாசிக் ஃபாட்டா, போசரி, மோஷி என்று ஒவ்வொரு இடத்திலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்தேன்.

சாகணுக்கு முன்பே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சாலையில் லாரி அதிகம். நாங்கள் போய் நின்றபோது கேட் அகலத் திறந்திருந்தது. உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு லீவு இல்லையா?" என்று காவலாளியிடம் இந்தியில் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஏன் லீவு? இந்தப் பக்கமெல்லாம் வியாழக்கிழமைதான் மேடம். அன்னிக்குத்தான் கரண்ட் கட்."

கண் முன்னால் எதிர் வீட்டு ஸ்கூட்டரும் வெள்ளை பனியனும் ஐம்பது கிண்ணம் உப்புமாவும் வந்து போயின. அதை முழுதாக நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை. மகள் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, "அம்மா, மூச்சா" என்றாள்.

காவலாளி நல்லவர். உள்ளே கழிவறை இருக்கிறது, பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள் என்றார். பெயர், நேரம், வந்த காரணம். காரணம் என்ற கட்டத்தில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. 'இண்டர்வியூ, நாளைக்கு' என்று எழுதினேன். அவர் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு உள்ளே போன் செய்துவிட்டார்.

நாங்கள் கழிவறையிலிருந்து திரும்பும்போது, பருத்திப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்ட, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மராத்திப் பெண்மணி கேட்டருகே நின்றிருந்தார். ஆய்வகத்தின் தலைமை அவர்தான்.

"நீங்கள் நாளைக்கல்லவா வர வேண்டும்?" ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம் மேடம். இன்றைக்குச் சும்மா பார்க்க வந்தேன்."

"எதைப் பார்க்க?"

"ரோட்டை."

அவர் ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து என் மகளைப் பார்த்து, "பேட்டா, உன் பேரென்ன?" என்றார். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் அதிகாரி தோரணையில் கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். நிமிர்ந்து நின்று, ஜாம் வாயோடு சொன்னாள்: "மை ஸ்ட்ரெங்த் இஸ் பங்சுவாலிட்டி."

கணவர் தொழிற்சாலையின் பெயர்ப் பலகையை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினார்.

"யாருடைய குழந்தை?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார்.

நாற்பத்திரண்டில் இல்லாத கேள்வி. எனக்குப் புத்தகத்தில் கோடு போட்ட வரி மட்டும் நினைவுக்கு வந்தது. கையை நீட்டிக் கணவரைக் காட்டி, "அவருடையது மேடம்" என்றேன்.

மகள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

"அச்சா" என்றார் அவர். உள்ளே போய்விட்டார்.

ஸ்கூட்டரைத் திருப்பினோம். மோஷி தாண்டியதும் கணவர், "அவ ஒருத்திதான் ஒழுங்காப் பதில் சொன்னா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் நின்றிருந்தவளின் தலை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கையை நீட்டித் தொட்டேன். வேலை போனதற்காக அழுகிறேனா, பெற்ற பிள்ளையை இன்னொருவர் கணக்கில் தள்ளிவிட்டதற்காக அழுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கணவர் லீவு போட்டு மகளோடு இருந்தார். நான் இஸ்திரிப் புடவையில், ஆறு பேர் ஏற வேண்டிய ரிக்ஷாவில் பத்தாவது ஆளாக உட்கார்ந்து போனேன். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஓர் இளைஞர் காத்திருந்தார். ஷூ பளபளத்தது, டை கட்டியிருந்தார். அவரும் அதே புத்தகத்தை வாங்கியிருக்க வேண்டும்.

உள்ளே அந்த அம்மாளும், பணியாளர் பிரிவைச் சேர்ந்த ஓர் ஆணும் இருந்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பற்றிச் சொல்லச் சொல்லவில்லை. பியூரெட் என்னும் அளவுக் குழாயை மேசைமேல் வைத்து, நிக்கல் கரைசலில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்றார். இதை நோட்டில் எழுதியே வைக்கவில்லை. எழுதாததால் மறக்கவும் வழியில்லை. பாதி ஆங்கிலம், பாதி இந்தி, மீதிக்குக் கை. சொல்லி முடித்தபோதுதான் பியூரெட்டின் திருகைப் பிடித்துக்கொண்டே பேசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

அந்த ஆண் கடமைக்கு, "உங்கள் பலம் என்ன?" என்று தொடங்கினார்.

"அது எனக்குத் தெரியும். நேரம் தவறாமை" என்று அந்த அம்மாள் தாளைப் புரட்டிக்கொண்டே சொன்னார். அந்த ஆண் விழித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த அம்மாள் என்னைக் கேட்டார்: "நீங்கள் எட்டிலிருந்து ஐந்து வரை இங்கே இருந்தால், அந்த 'அவருடைய' குழந்தை எங்கே இருக்கும்?"

வெளியில் உட்கார்ந்திருந்த இளைஞரிடம் இதைக் கேட்டிருப்பார்களா என்று எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தோன்றியது. அன்று தோன்றவில்லை. என்னிடம் விடை இல்லாததுதான் அன்று எனக்குக் குற்றமாகத் தெரிந்தது. வேலை வாங்க இவ்வளவு தயாரான நான், வேலைக்குப் போக ஒரு துரும்பும் தயாராகவில்லை.

"எனக்கும் அவள் குழந்தைதான் மேடம். எங்கே விடுவது என்று யோசிக்கவேயில்லை."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை எங்களுக்கு லீவு. அதற்குள் யோசியுங்கள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு இடம் பார்த்துவிட்டேன் என்று வந்தால் வேலை. இல்லையென்றால் வெளியே இருக்கும் டையைக் கூப்பிட வேண்டியதுதான்."

வீட்டுக்குக்கூடப் போகாமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்தியும் மராத்தியும் கலந்து எல்லாவற்றையும் கொட்டினேன். வியாழக்கிழமை விரதத்தையும் சேர்த்துத்தான். வஹினி சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த மாமியார் எழுந்து வந்துவிட்டார்.

"விரதமா? இவரா? அரே, வியாழக்கிழமைதானே எங்க வீட்ல மட்டன்! உப்புமாவுல ஏன் வெங்காயமே இல்லைன்னு அவர் வாராவாரம் கேப்பார். மதராசிங்க அப்படித்தான் செய்வாங்கன்னு நான் சொல்லிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை அடுத்த சந்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வீட்டு வாசலில் பாளணாகர் என்று கையால் எழுதிய பலகை. வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். ஒன்றரை வருடமாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் காய் வாங்கப் போய்வந்தேன். அதை நடத்தியவரை எல்லாரும் மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிட்டார்கள்; அவர் ஒரு முக்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அந்த வாரத்தின் நிஜமான இண்டர்வியூ அப்போதுதான் தொடங்கியது.

"கடிப்பாளா?"

"எப்பவாவது."

"சோறா, சப்பாத்தியா?"

"சோறு. தயிர் இல்லன்னா சாப்பிடமாட்டா."

"எந்த பாஷையில அழுவா?"

"தமிழ்லதான், மாவ்ஷி."

"பரவாயில்லை, அழுகையில எனக்கு எல்லா பாஷையும் தெரியும். நீ எத்தனை மணிக்கு வருவே?"

"ஆறு."

"ஆறுன்னா ஆறா?"

"ஆறுன்னா ஆறு. என் பலமே அதுதான்" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மகளை விட்டுவிட்டு, அவள் தமிழில் அழுததைச் சந்து முனை வரை கேட்டுக்கொண்டே போனேன். எட்டு மணிக்கு அந்த அம்மாளிடம் மாவ்ஷியின் முகவரியைச் சொன்னேன். எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். தோளில் கொஞ்சம் பெரிது.

ஐந்து மணிக்கு வெளியே வந்தால் ரிக்ஷாக்காரர் ஆள் நிறையாமல் கிளம்பமாட்டேன் என்றார். என் ஞாயிற்றுக்கிழமை நோட்டில் நாசிக் ஃபாட்டா, போசரி, மோஷி எல்லாம் நிமிடக் கணக்கில் இருந்தது, ஆனால் அது கணவரின் ஸ்கூட்டர் போகும் நேரம். நான் பாளணாகருக்குள் ஓடி நுழைந்தபோது ஆறே முக்கால். மற்ற பிள்ளைகள் எல்லாரும் போயிருந்தார்கள். மகள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை.

"காலையில அழுததோட சரி" என்றார் மாவ்ஷி. "ஆறு மணியிலருந்து இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் கேட்டைப் பார்த்துட்டிருக்கா. பங்சு பங்சுன்னு. அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் குனிந்து அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.

"ஏதோ ரைம்ஸ், மாவ்ஷி" என்றேன்.