என் வீட்டில் புகை வராத காலை

மூத்த பேத்தி பிரியா கோட்டயத்தில் நர்ஸ். பேரன் சதீஷுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சின்னவள் கவிதா இந்த வருஷம் பி.எட். பாஸ். ஐந்தாவதோடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்?

விறகுப் புகையால்தான் எனக்கு இருமல் விடவில்லை என்று பிரியா கரண்டு அடுப்பு அனுப்பியிருந்தாள். இன்று காலை முதன்முதலாக அதில் பால் விடாத கட்டன் சாயா போட்டேன்.

குடிப்பதற்குள் கதவை இடித்தார்கள். திறந்தால் பக்கத்து வீட்டுப் பாக்கியம். பின்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர். ஒருவர் கையில் கடப்பாரை.

"ஏ மதினி, உயிரோடதான் இருக்கீகளா?"

"எனக்கு என்னட்டி? சாயா குடிக்கேன்."

"மணி ஏழு ஆச்சு, உங்க கூரையில புகையைக் காணோம். நாங்க பதறிட்டு ஓடியாறோம், நீங்க சாயா குடிக்கீக!"

எங்கள் ஏலப்பாறைத் தேயிலைத் தோட்ட லயத்தில் அதுதான் வழக்கம். விடிந்தும் புகை வராத வீட்டைத் தட்டிவிடுவோம். போன மழையில் நான் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தபோதும் அப்படித்தான் வந்து தூக்கினார்கள்.

புகை வந்தால் இருமல். வராவிட்டால் கடப்பாரை. இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. இனி எழுந்ததும் வாசல் கொடியில் சிவப்புத் துண்டு போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பேரப்பிள்ளைகளா, உங்கள் கூரைப் புகை இங்கிருந்து எனக்குத் தெரியாது. போனில் இருக்கும் தீபாவளிப் போட்டோவையே எத்தனை நாள் பார்ப்பேன்? ஆளுக்கொரு புதுப் போட்டோ போடுங்கள்.