போர்டில் இல்லாத பாதரசம்

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளராக இருப்பவளை எல்லாரும் மூடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த டப்பாவைக் கண்டாலும் மூடியை ஒரு முறுக்கு முறுக்காமல் தாண்டிப் போக மாட்டாள். வீட்டில் உப்பு டப்பாவைத் திறக்க அவள் புருஷன் கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும். "எல்லாத்துக்கும் மூடி போடுவா, வாயத் தவிர" என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்கள் அன்றைக்கே அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

இந்த மூடிப் பைத்தியம் பிறவியில் வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பல் அடைக்கிற வெள்ளிக் கலவைக்கான பாதரசம் தரையில் கொட்டி, முத்து முத்தாக நாற்காலிக்கு அடியில் ஓடியது. இவள் சுத்தக்காரி ஆயிற்றே. தூசி உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்து ஒரு முத்து விடாமல் இழுத்துவிட்டாள். மெஷின் சூட்டில் பாதரசம் ஆவியாகி அறை பூராவும் பரவியது. கண்ணுக்கும் தெரியவில்லை, மூக்குக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியை நடத்திய பெரிய டாக்டர் தகவல் சொல்ல, சுகாதார இலாகாவிலிருந்து வந்த அதிகாரி அம்மா அறையைப் பூட்டினார். மெஷினையே விஷக் குப்பையாகக் கட்டித் தூக்கிப் போனார். போகும்போது, "மூடி வச்சா அடங்கிக் கிடக்கும்மா. சூடு பட்டா மூச்சுல ஏறிடும்" என்றார்.

அன்றைக்கு வந்ததுதான் ஜாடி. அகல வாய், இறுக்கமான மூடி. மிஞ்சின வெள்ளித் துணுக்கு, வெள்ளி அடைத்த பிடுங்கின பல், நாற்காலிக் குழாயின் வடிகட்டியில் தங்குகிற சாம்பல் நிறக் கசடு எல்லாம் அதற்குள் போகும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு பொட்டுகூட விட மாட்டாள். நிறைந்ததும் பாதரசத்தைப் பிரித்தெடுக்கிற கம்பெனியிலிருந்து வண்டி வரும். பெரிய டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போடுவார், ஜாடி போகும்.

பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு நாற்காலியை மருமகனிடம் கொடுத்தார். மருமகன் முதல் வேலையாக வாசலில் ஒரு போர்டு மாட்டினார்: 'பாதரசம் இல்லாத பல் மருத்துவமனை'. பாதிப் பொய்தான். வெள்ளியை அவர் யாருக்கும் புதிதாக அடைக்கவில்லை. ஆனால் போர்டைப் பார்த்துவிட்டு, பழைய வெள்ளியைத் தோண்டி எடுக்கச் சொல்லி ஊரே வாயைத் திறந்துகொண்டு வந்தது. இரண்டு வருஷத்தில் நிறைகிற ஜாடி நாலே மாசத்தில் கழுத்துவரை வந்துவிட்டது.

"டாக்டர், ஜாடி ரொம்பிடுச்சு. வண்டிக்குச் சொல்லணும். இதுல ஒரு கையெழுத்து."

சீட்டின் தலையில் 'பாதரசக் கழிவு' என்று கொட்டை எழுத்து. டாக்டர் அதைத் தொடவே இல்லை.

"அக்கா, வாசல்ல போர்டு பாத்தீங்கள்ல? நம்மகிட்டதான் பாதரசமே இல்லையே."

"போர்டுல இல்ல டாக்டர். ஜாடில இருக்கு."

"எரிக்கப் போற பையில போட்டுக் கட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். அவள் சீட்டை ஏப்ரன் பையில் செருகிக்கொண்டாள். எரிக்கிற பைகள் போய்ச் சேரும் உலையின் புகைபோக்கி அவள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. அந்த ஜன்னலோரம் ஏழு மாச வயிற்றோடு அவள் மகள் உட்கார்ந்து காற்று வாங்குகிறாள்.

மறுநாள் அலமாரியில் ஜாடி இல்லை. நேரே போய் எரிக்கிற பையைப் பிரித்தாள். அழுக்குக் கையுறைகளுக்கு அடியில் கிடந்தது, மூடி பாதி கழன்றபடி. மூடியை முறுக்கி, ஜாடியைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரவேற்பு மேஜைப் பெண், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மூன்று பேரிடம் விசாரித்தாள்.

பேச்சோடு சேர்த்து இன்னொரு வேலையையும் நிறுத்திவிட்டாள். தினமும் சாயங்காலம் கழற்றுகிற வடிகட்டியைக் கழற்றவில்லை. நாலாம் நாள் ஒரு பஸ் டிரைவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பல்லில் பாதி வெள்ளி வெளியே, பாதி உள்ளே. உறிஞ்சுகுழாய் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது. அவர் வாயில் தண்ணீர் ஏறியது.

"அக்கா, குழாய் இழுக்கல."

"இழுக்காது டாக்டர். வடிகட்டி அடைச்சுக்கிச்சு."

"அப்ப மாத்துங்க."

"மாத்தி, அதுல இருக்கிறத எங்க போட? இங்கதான் பாதரசமே இல்லையே."

டிரைவர் எழுந்து கிண்ணத்தில் துப்பினார். "பாதரசமா? என் வாயிலயா?"

"முப்பது வருஷமா பல்லுக்குள்ள இறுகிக் கிடக்குண்ணே, பயப்படாதீங்க. இவரு அதத் தோண்டி எடுத்து எரிக்கச் சொல்றாரு. புகை எங்க தெருவுக்கு வருது."

டாக்டருக்கு முகம் கறுத்தது. "வெளிய வாங்க, பேசலாம்."

"வெளிய போர்டு இருக்கு. இங்கயே பேசுவோம்."

"உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். எம்பொண்ணுக்கு மூச்சும் வேணும்." ஏப்ரன் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். நாலு நாளாக அங்கேயே இருந்ததால் நாலாக மடிந்திருந்தது.

டிரைவர் மறுபடி துப்பினார். "கையெழுத்தப் போட்டுத் தொலைங்க சார். பாதிப் பல்லோட எவ்வளவு நேரம் வாயப் பொளந்துக்கிட்டு இருக்கிறது?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திப் போட்டார். மூடியக்கா கையெழுத்தைச் சரிபார்த்தாள், தேதியையும் போட வைத்தாள். பிறகுதான் முகக்கவசத்தையும் புதுக் கையுறையையும் மாட்டிக்கொண்டு ஜாடியை எடுத்துவந்தாள். வடிகட்டியைக் கழற்றி, கசடை வழித்து உள்ளே போட்டு, மூடியை முறுக்கினாள். டிரைவர் மறுபடி வாயைத் திறந்தார்.

அந்த வாரமே வண்டி வந்தது. டாக்டர் இன்றுவரை அவளுக்குக் காலை வணக்கம் சொல்வதில்லை. வண்டிக்காரர் சீட்டைப் படித்தார், வாசலை அண்ணாந்து பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"என்னக்கா, போர்டுல இல்லன்னு போட்டிருக்கு?"

"நீங்க ஜாடியத் தூக்குங்கண்ணே" என்றாள் மூடியக்கா. "அந்தப் போர்டு வேணா எரிக்கிற பையில போகட்டும்."