எருமைக் கொம்புக்குள் ஒரு மூலை

யோங் பெங் வட்டாரத்தில் என் கத்தியைப் போல இன்னொரு கத்தி கிடையாது. இதை நானேதான் சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே தொழில் கற்று, சொந்தப் பட்டறை வைத்தேன். இப்போது பட்டறை மகன் கையில். நான் பின்கட்டில் உட்கார்ந்து பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் வேட்டைக் கத்தி செய்கிறேன். இரும்பு பழுத்துச் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தின் நிறத்துக்கு வரும்போது எனக்கு என் வயது மறந்துபோகும். யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

சம்பந்திக்கு ஒன்று செய்தேன். பத்து பாகாட் ஊரில், என் மகள் வாழப்போன வீடு அவருடையது. துப்பாக்கி உரிமம் உள்ளவர். செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளைச் சுடத் தோட்டத்துக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே பட்டையில் இரண்டு கத்தி அறுத்தேன், அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அலகு ஒரு சாண். பிடிக்குள் போகும் வாலை விரல் அகலத்துக்குக் குறுக்கி, எருமைக் கொம்பைத் துளைத்துச் செருகி ஒட்டினேன். அலகு முடிந்து வால் தொடங்கும் இடத்தை அரம் போட்டு நேர்மூலையாக வெட்டினேன். வீட்டுச் சுவரின் மூலை அதனிடம் தோற்கும். கொம்பை மாட்டிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியுமே.

கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். அதனால் சம்பந்தி சட்டைப்பையைத் தடவி இருபது காசை என் கையில் வைத்தார்.

"ஒடைஞ்சா?" என்றார்.

"நீங்க ஒடைவீங்க சம்பந்தி, இது ஒடையாது."

மகள் என்னை முறைத்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, என் கத்தியைத் தேங்காய் மட்டையில் குத்தித் திருகினேன். அலகு மட்டையில் நின்றது, கொம்பு என் கையோடு வந்தது. இரும்பின் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். மற்ற இடமெல்லாம் சீனி போல மின்னியது. மூலையோரம் மட்டும் கடுகளவு கறுத்திருந்தது. அது பழைய கறுப்பு. பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கிய அன்றே அங்கே வெடிப்பு விட்டிருக்கிறது. மூலையை வளைவாக விட்டிருந்தால் இரும்பு ஆறும்போது வரும் இழுப்பு பரவிப் போயிருக்கும். நேர்மூலையில் மொத்தமும் ஒரே புள்ளியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சம்பந்தியின் கத்தியும் அதே பட்டை, அதே அரம், அதே எண்ணெய். அந்த நேரம் அவர் வேட்டையில் இருந்தார், கைப்பேசியை அணைத்துவிட்டு. பன்றியின் இடுப்பு மூட்டைக் கழற்றக் கத்தியைக் குத்தித் திருகவேண்டும். அப்போது பிடி ஒடிந்தால் கை வழுக்கி அலகின் மேலேயே போகும். நரம்பு அறுந்தால் அந்தக் கை அவ்வளவுதான்.

எந்தத் தோட்டம் என்று மகளிடம் கேட்டுக்கொண்டு காரை எடுத்தேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் பனிமூட்டம் கலையவில்லை. செம்பனைகள் வரிசையாக வந்தன, கரைந்தன, மறுபடி வந்தன. கார் நின்றுகொண்டிருக்க, மரங்கள்தான் என்னைத் தாண்டி நடந்து போவது போலிருந்தது. போகப் போக, என்ன பொய் சொல்லிக் கத்தியை வாங்கலாம் என்றுதான் யோசித்தேன்.

பாதை முடிவில் சம்பந்தி செம்பனை மட்டைகளை விரித்து, அதன்மேல் பன்றியைக் கிடத்தியிருந்தார். தோல் உரித்தாகிவிட்டது. கத்தி இடுப்பு மூட்டுக்குள் இறங்கியிருந்தது.

"வாங்க சம்பந்தி. கறி வாசம் யோங் பெங் வரைக்கும் வந்திருச்சா?"

"அந்தக் கத்திய குடுங்க. பாலிஷ் சரியா வரல."

"பன்னிக்கு எதுக்குலா பாலிஷ்? காசு குடுத்து வாங்குனது, திருப்பித் தரமாட்டேன்."

சிரித்தபடியே மணிக்கட்டைத் திருப்பத் தொடங்கினார்.

"திருகாதீங்க. ஒடைஞ்சிரும். என்னோடது ஒடைஞ்சிருச்சு. நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

தப்பு என்ற சொல்லை என் தொழிலைப் பற்றி நான் அதுவரை சொன்னதில்லை. யாரோ மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது போலக் கேட்டது. அவர் கத்தியை மெல்ல உருவினார். கொம்பைக் கல்லில் வைத்துக் கோடாரியின் பின்புறத்தால் தட்டிப் பிளந்தார். வாலின் மூலையில் தலைமுடி போல ஒரு கோடு. விரலால் துடைத்தேன், போகவில்லை.

"இது இத்தன நாளும் உள்ளயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

பிளந்த கொம்பை ஓரமாகப் போட்டார். பிறகு, "அடுத்தத இரும்பு வெளிய தெரியற மாதிரி செய்ங்க, சம்பந்தி" என்றார்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். பிடி எவ்வளவு அகலமோ வாலும் அவ்வளவு அகலம், இரண்டு பக்கமும் மரத்துண்டு, மூன்று ஆணி, மூலையெல்லாம் வளைவு. சுற்றிலும் இரும்பு தெரியும். அவரே அதை எட்டுப் பேரிடம் காட்டிவிட்டார்.

அன்று வண்டியிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட சந்தைக் கத்தியை எடுத்து வந்தார்.

"கால புடிங்க. நல்லா விரிச்சுப் புடிங்க."

குந்தி உட்கார்ந்து பிடித்தேன். பன்றியின் உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை. அவர் திருகாமல், சவ்வைச் சுற்றி மெதுமெதுவாக அறுத்தார். நேரம் ஆயிற்று. மூட்டு கழன்று கால் என் மடியில் சாய்ந்தது. நான் அவர் வலக்கையின் ஐந்து விரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.